தடை தகர்த்த கூடைப்பந்துக் குழு

அடையாற்றின் கரையில், நந்தனத்தில், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அமைந்திருப்பதை நம் இளைஞர் அறிவர். 1920ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் தொடங்கிய நிறுவனம் அது. கூடைப்பந்தாட்டமும் அவ்வியக்கம் தந்த கொடையே. 1891 டிசம்பரில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதனை வகுத்தார். அவ்வாட்டம் பிறந்த நாட்டில், 1966இல் ஒரு கல்லூரிக் குழு நிகழ்த்திய சாதனை நம் சமுதாயத்தார் அறிய வேண்டிய வரலாறாகும்.

அக்காலத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களின் பெரிய கல்லூரிகள் பல, கறுப்பின மாணவரைத் தம் குழுக்களில் சேர்க்கவில்லை. 1964இல் குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறிய பின்னரும் இந்நிலை நீடித்தது. சேர்த்துக்கொண்ட கல்லூரிகளிலும், ஒரே வேளையில் இத்தனை பேருக்கு மேல் களமிறக்கலாகாது என்னும் எழுதாச் சட்டம் நிலவியது. கறுப்பர் ஓடுவர், தாவுவர். நிதானித்து ஆட்டத்தை நடத்தும் அறிவு அவர்க்கில்லை என்பது அன்றைய ஏளனம். இக்குரல் நமக்குப் புதியதன்று.

டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரின் டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி, டான் ஹாஸ்கின்ஸ் என்னும் பயிற்சியாளரின்கீழ் அப்பருவத்தில் 29 ஆட்டங்களில் 28இல் வென்றது. ஒரே தோல்வி சியாட்டில் குழுவிடம். அதுவும் 2 புள்ளிகளில். தேசியப் போட்டியில் கன்சாஸ் குழுவை, இருமுறை கூடுதல் நேரம் ஆடி, 81-80 என வென்றது.

1966 மார்ச் 19ஆம் நாள் மேரிலாந்தில் இறுதியாட்டம். எதிரே, அதற்கு முன் நான்கு முறை தேசியப் பட்டம் வென்றிருந்த கென்டக்கி. குழுவினர் அனைவரும் வெள்ளையர். ஹாஸ்கின்ஸ் முதலில் இறக்கிய ஐவரும், மாற்றாக வந்த இருவரும் கறுப்பினத்தவர். முதற்பாதியில் பாபி ஜோ ஹில் அடுத்தடுத்து இருமுறை பந்தைப் பறித்துக் கூடையிலிட்டார். 34 தனி எறிகளில் 28ஐ இவர்கள் தவறாது இட்டனர். நிதானமற்றவர் என்றோர்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ? முடிவு 72-65. புரட்சி செய்யவன்று, சிறந்தவர்களை ஆடவைக்கவே எண்ணினேன் என்பதே ஹாஸ்கின்ஸின் விளக்கம்.

அடுத்த ஆண்டே, கென்டக்கி இடம்பெற்ற தென்கிழக்குக் கூட்டமைப்பில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பெர்ரி வாலஸ் முதற் கறுப்பின வீரராகக் களம் புகுந்தார். திடல்தோறும் வசைமொழி கேட்டும் ஆட்டத்தை விட்டாரில்லை, படிப்பையும் விட்டாரில்லை. 1970இல் பொறியியல் பட்டம் பெற்றார். பின்னாளில் சட்டப் பேராசிரியராகவும் உயர்ந்தார்.

நம் நாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. பந்துவீச்சில் நிகரற்ற பல்வங்கர் பாலுவுக்குப் புனேயில் ஆடுகளம் திறந்திருந்தது. தேநீரோ வெளியே தனிக்குவளையில் தரப்பட்டது. 1911 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய அவருக்கு இந்துக்கள் அணியின் தலைமை கிட்டவில்லை. 1923இல் அதனை அடைந்தவர் அவர் தம்பி விட்டல்.

இளைஞர்களே! வாயிலைத் திறக்கச் சட்டம் வேண்டும். களமிறக்க நேர்மையாளர் ஒருவர் வேண்டும். எனினும் அந்நாள் வரும்போது ஆயத்தமாய் நிற்பது நம் கடமை. மாலையில் திடலுக்குச் செல்லுங்கள். இரவில் நூலைத் திறவுங்கள். வாலஸ் இரண்டையும் செய்தார்.