சிங்கைத் தீவின் சூளையும் சக்கரமும்

மலாயாவின் ரப்பர்க் காடுகளில் உழைத்த தமிழர்க்கு 'மங்கு' அறிமுகம் வேண்டாத பொருள். வெட்டுக்கோட்டின் வழியே வடிந்த பாலை ஏந்தி, மரத்தோடு மரமாய் ஒட்டி நின்ற அச்சிறு கிண்ணத்தை வனைந்தவர் யார், எந்தச் சூளையில் அது வெந்தது என எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. (கேமரன் மலையில், திரிங்காப் வட்டாரத்துத் தேயிலைக் காற்றில் வளர்ந்த மாணவர்கள் அதனைக் கண்டே இருக்கமாட்டார்கள், அக்குளிருக்கு ரப்பர் ஆகாது.) மண்ணால் ஆன அம்மங்குகளுள் ஒரு பகுதி, தெற்கே சிங்கைத் தீவின் ஜூரோங் வட்டாரத்திலிருந்து வந்தவை.

ஜூரோங்கில் நல்ல களிமண் கிடைத்தது. எரிக்க விறகும் கிடைத்தது. சீனக் குயவர்கள் அங்கே குன்றுச் சரிவுகளில் 'கடல்நாகச் சூளை' எனத்தக்க நெடுஞ்சூளைகளை எழுப்பினர். தாழ்ந்த முனையில் தீவாய், மேல்முனையில் புகைபோக்கி, இடையே பக்கச் சுவர்களில் விறகிடும் துளைகள். கீழே மூட்டிய தீ தானே மேலேறும். ஆயிரத்திருநூறு பாகைக்கு மேல் வெம்மை ஏறுகையில் பறக்கும் சாம்பல் கலங்களின்மேல் படிந்து உருகிக் கண்ணாடிப் பூச்சாகிவிடும். எந்தக் கலத்தில் எவ்வண்ணம் படியும் என்பதைச் சூளை திறக்கும்வரை குயவனும் அறியான். 1940இல் எழுந்த தவ் குவாங் சூளையும், 1958இல் எழுந்த குவான் ஹுவாட் சூளையும் இவ்வகையின. மங்கு, பூத்தொட்டி, நீர்ச்சாடி எனப் பல்லாயிரம் கலங்கள் இத்தகைய சூளைகளில் வெந்தன. ஒன்றிலேனும் குயவன் பெயர் இல்லை.

பெயரின்மை இத்தொழிலுக்குப் புதிதன்று. கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டும் புறநானூற்றுப் பாடலைத் தமிழாசிரியர் அறிவர். அக்குயவனும் பெயரற்றவனே. 1984இல் சிங்கையின் கேனிங் கோட்டைக் குன்றில் தொடங்கிய அகழாய்வில் வெளிப்பட்ட பதினான்காம் நூற்றாண்டு ஓடுகளும் அவ்வாறே.

வனைபவன் தன் கலத்தில் தன் முத்திரையைப் பொறித்துக் கலைஞனாய் நிற்கும் மரபு, இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. ஹாங்காங்கில் பிறந்த ஆங்கிலேயரான பெர்னார்ட் லீச், ஜப்பானியரான ஹமாதா ஷோஜியுடன் 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய கூடம் அதற்கு முன்மாதிரியாயிற்று. சிங்கையில் அம்மரபு வேரூன்றியதில் இருவர் பங்கு பெரிது. இங்கிலாந்தில் மட்கலை பயின்று 1966இல் திரும்பிய இங் எங் டெங் (1934–2001) அதனைச் சிற்பத்தின் பக்கம் திருப்பினார். தவ் குவாங் சூளை எழுந்த அதே 1940இல் பிறந்த இஸ்கந்தர் ஜலிலோ கலத்தோடேயே நின்றார்.

கணிதமும் அறிவியலும் கற்பித்த பள்ளியாசிரியர் இஸ்கந்தர். கொழும்புத் திட்ட உதவியால் முதலில் மகாராட்டிரத்தில் நெசவு பயின்றார். பின்னர் 1972இல் ஜப்பான் சென்று மட்கலை நுட்பம் கற்றார். ஜப்பானியச் செப்பம், கைப்பிடியாய் அமைந்த மரக்குச்சி, ஜாவி எழுத்துகள், ஆழ்ந்த நீலம் ஆகியவை அவர் கலங்களில் ஒன்றுகூடின. அந்நீலம் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 1988இல் சிங்கையின் கலாசாரப் பதக்கமும், 2015இல் ஜப்பானிய அரசின் விருதும் அவரை அடைந்தன. 2016இல் தேசியக் கலைக்கூடம் அவர் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது.

இப்பெருமை தகும். ஆயினும் தீவின் மட்கலை வரலாற்றைக் கையொப்பமிட்ட கலங்களிலிருந்து மட்டும் தொடங்குவது நேர்மையாகாது. ரப்பர்த் தோட்டங்கள் குறைந்தன. நெகிழிக் கிண்ணம் வந்தது. நகரம் வளர்ந்து மேட்டு நிலங்களை விழுங்கியது. சூளைகள் ஒவ்வொன்றாய் மறைய, ஜூரோங்கின் அவ்விரண்டே எஞ்சின. நிலக்குத்தகையின் கெடு அவற்றையும் அச்சுறுத்தியது. அவற்றைக் காத்தவர்களுள் கலைக்கூடக் குயவர்களும் இருந்தமை குறிப்பிடத்தக்கது. முன்பு மங்குகள் அடுக்கப்பட்ட தவ் குவாங்கின் வயிற்றில் பின்னாளில் மாணவரும் கலைஞரும் தத்தம் கலங்களை அடுக்கினர். விறகுத் தீயை இரவும் பகலும் முறைவைத்துக் காத்தனர்.