ஜனவரி ஆறாம் தேதி

என்னிடம் ஒரு பழைய டைரி இருக்கிறது. 1989-ஆம் வருஷத்து டைரி. ஒரு உரக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. அந்த வருஷம் அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. சில வருஷம் கழித்து என்ன தோன்றியதோ, எந்தத் தேதியில் எந்த இசைக் கலைஞர் பிறந்தார், யார் மறைந்தார் என்று அதில் குறித்துவைக்க ஆரம்பித்தேன். வேலையத்த வேலைதான். வீட்டில் கேலி செய்யாத ஆள் இல்லை.

அந்த டைரியில் ஒரு பக்கம் மட்டும் இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதி நிரம்பி வழிகிறது. ஜனவரி 6.

ஏ.ஆர்.ரஹ்மானின் பிறந்தநாள் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். 1967. மற்றவர்களைப் பாருங்கள். 1847-ல் இதே தேதியில்தான் தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றில் மறைந்தார். 1924-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் எர்ல் ஸ்க்ரக்ஸ் பிறந்தார். பாஞ்சோ வாத்தியத்தை மூன்று விரலால் மீட்டி, அந்த நாட்டு கிராமியப் பாட்டின் வேகத்தையே மாற்றிய மனிதர். 1946-ல் 'பிங்க் ஃப்ளாய்ட்' ராக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பேரட் பிறந்தார். புகழ் வந்த வேகத்தில் மனசு கலங்கி, 1968-ல் குழுவை விட்டு விலகி, பிறகு கேம்பிரிட்ஜில் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்து 2006-ல் இறந்தார். அதே 2006-ல், ஜனவரி 6 அன்று, சோல் பாடகர் லூ ரால்ஸ் போய்ச் சேர்ந்தார். 1993-ல் இதே நாளில் ஜாஸ் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி. வளைந்த டிரம்பெட், தவளை மாதிரி உப்பிய கன்னம்... படத்தைப் பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள்.

ஜாஸ், சோல், கன்ட்ரி, ராக் நாலும் ஆஜர். கர்நாடக சங்கீதம் ஆஜர். சினிமாவுக்கு ரஹ்மான். இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரை அந்தப் பக்கத்தில் எழுதவைத்தவர் மங்கலம்பேட்டையில் ஒரு டீக்கடையில் கிடைத்தார்.

2023 ஜனவரியில் ஆருத்ரா தரிசனத்துக்காக சிதம்பரம் போயிருந்தேன். முதல்நாள் தேர் பார்த்தாயிற்று. மறுநாள் தரிசனக் கூட்டத்துக்கு பயந்து (பக்தி அவ்வளவுதான்!) விடிகாலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். விருத்தாசலம் தாண்டி உளுந்தூர்பேட்டை போகிற சாலையில், மங்கலம்பேட்டை பக்கம் பஸ் பஞ்சர். எல்லோரும் இறங்கி டீக்கடைக்குப் படையெடுத்தோம். கடை ஸ்பீக்கரில் காலையிலிருந்தே ரஹ்மான் பாட்டுதான். ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் ஒரு பெண் குரல் மூச்சுவிடாமல் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். மடியில் துணி உறை போட்ட நாதஸ்வரம். பக்கத்து கிராமத்துக் கோயிலில் மார்கழி பூஜைக்கு வாசித்துவிட்டுத் திரும்புகிறாராம். ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார்.

''தம்பி, இன்னிக்கு நம்ம செதம்பரம் ஜெயராமனுக்கும் பொறந்தநாளு. அத யாரும் சொல்ல மாட்டேங்குறானுவளே.''

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிதம்பரம் எஸ். ஜெயராமன்! முப்பது வருஷமாகத் தேதி சேர்க்கிறேன் என்று பீற்றிக்கொள்கிற ஆள், சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற ஆள், அவரை விட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் பெரியவர் சொன்னது சரி. 1917 ஜனவரி 6. ரஹ்மானுக்கும் அவருக்கும் மிகச் சரியாக ஐம்பது வருஷம் இடைவெளி.

இன்றைய பிள்ளைகளுக்கு சி.எஸ்.ஜெயராமன் யார் என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். 'பராசக்தி'யில் சிவாஜி காக்கையைக் கூப்பிட்டுப் பாடுவாரே, அந்தக் குரல். 'ரத்தக்கண்ணீர்' (1954) படத்தில் எல்லாம் இழந்து நிற்கும் எம்.ஆர்.ராதாவுக்காக அழுத குரல். 'புதையல்' (1957) படத்தில் பி.சுசீலாவோடு சேர்ந்து காதல் பாடியதும் அதுதான். மூக்கிலிருந்து புறப்பட்டு அடிவயிற்றில் போய் முடிகிற மாதிரி ஒரு நாதம். ஒரே ஒரு சொல்லைப் பாடினால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். 'இசைச் சித்தர்' என்று பட்டம். கருணாநிதியின் முதல் மனைவி பத்மாவதி இவருடைய தங்கை. அந்த வகையில், சொந்தக் குரலிலேயே சினிமாவில் பாடி நடித்து, 2025-ல் மறைந்த மு.க.முத்துவுக்கு இவர் தாய்மாமன்.

என்னைக் கேட்டால், அவருடைய உச்சம் 'சம்பூர்ண ராமாயணம்' (1958). ராமனாக என்.டி.ராமாராவ், பரதனாக சிவாஜி. ராவணனாக டி.கே.பகவதி. சபையில் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து, காலைக்கு எந்த ராகம், போருக்கு எந்த ராகம், இரக்கத்துக்கு எந்த ராகம் என்று கேட்க, ராவணன் வீணையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டுகிறான். தமிழ்நாட்டில் பூபாளம், நீலாம்பரி, கம்பீர நாட்டை என்ற பெயர்களைப் பல லட்சம் பேர் முதன்முதலாகக் கேட்டது அந்தக் காட்சியில்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். எந்தச் சபாவும் செய்யாத வேலை. அதற்கடுத்து, போர்க்களத்தில் எல்லாவற்றையும் தோற்றுவிட்டு அரண்மனை திரும்புகிற ராவணனுக்கும் ஜெயராமன்தான் குரல். ராமாயணம் பார்க்கப் போனவர்கள் ராவணனுக்காகக் கண்கலங்கி வந்தார்கள்.

அப்படிப்பட்டவர் எப்படிப் பின்னுக்குப் போனார்? 1954-ல் 'தூக்குத் தூக்கி' என்று ஒரு படம். சிவாஜிக்கு, ஜெயராமன்தான் பாட வேண்டும் என்று ஆசை. இசையமைப்பாளர் ஜி.ராமநாதன் மதுரைக்கார இளைஞர் ஒருவரை அழைத்து வந்தார். ''மூணு பாட்டு பாடறேன். பிடிச்சா வச்சுக்குங்க'' என்கிற தோரணையில் அவர் பாடினாராம். சிவாஜி அசந்துபோனாராம். அந்த இளைஞர் டி.எம்.சௌந்தரராஜன். திரையுலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது. அதன்பிறகும் ஜெயராமன் சிவாஜிக்குப் பாடினார், 'தெய்வப்பிறவி' (1960) வரை ஹிட் கொடுத்தார். ஆனால், சிவாஜி வாயசைத்தால் டி.எம்.எஸ் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. ஜெயராமன் இறந்தது 1995 ஜனவரி 29. 'ரோஜா' வந்து மூன்றாவது வருஷம்.

பஞ்சர் ஒட்ட ஸ்டெப்னி தேடிக்கொண்டிருந்தார்கள். பெரியவரிடம் டிஸ்ஸி கில்லெஸ்பியின் படத்தை செல்போனில் காட்டினேன். உற்றுப் பார்த்தார். ''கன்னத்துல இவ்ளோ காத்த வெச்சா எங்க வாத்தியார் கம்பெடுத்துருவாரு. ஆனா, இந்த ஆளு வாசிப்பாரு, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது'' என்றார்.

சீர்காழிப் பக்கம் பிறந்தவராம். கல்யாணம் ஆனபின் இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஜெயராமனின் பிறந்தநாளைச் சொல்லிக்கொடுத்தது அவருடைய வாத்தியார். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் பிறந்தநாளும் இவருக்குத் தெரிந்திருந்தது: 1898 ஆகஸ்ட் 27. என் டைரியில் அதே தேதியில் தண்டபாணி தேசிகரும் உண்டு. பத்து வருஷம் இளையவர், 1908. ராஜரத்தினம் பிள்ளை தன் முன்னெழுத்தில் சுமந்த திருமருகலும், தேசிகர் பிறந்த திருச்செங்காட்டங்குடியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 'நந்தனார்' (1942) படத்தில் தில்லைக்குப் போகத் தவித்துப் பாடிய தேசிகர், பிற்பாடு நிஜமாகவே சிதம்பரத்துக்கு வந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைக்குத் தலைவராக இருந்தார். இதைச் சொன்னதும் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார், டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே.

''ஐயா, உங்க பொறந்தநாள் என்னைக்கு?'' என்று கேட்டேன்.

சிரித்தார். ''எந்தப் பொறந்தநாளு? பள்ளிக்கூடத்துப் பொறந்தநாளா, எங்க ஆத்தா சொன்னதா?''

இந்த பதில் உங்களுக்கும் பழக்கமானதாகத்தான் இருக்கும். கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச்சொல்லி, தொட்டால் ஐந்து வயசு என்று பள்ளியில் சேர்த்த காலம். ஹெட்மாஸ்டர் வாயில் வந்த தேதி ஜூன் 1. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே ஜூன் 1-ல் பிறந்திருக்கிறது! பெரியவரின் சான்றிதழில் 1955 ஜூன் 1. அம்மா சொன்னதோ, 'பராசக்தி வந்த வருஷம், பெரும்புயல் அடிச்ச மூணாம் நாள்'.

தமாஷாக இருக்கிறது இல்லையா? அவருக்குத் தமாஷாக இல்லை. நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு எழுதிப் போட்டபோது, காகிதப்படி வயசு ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆத்தா சொன்னதற்கு முத்திரை இல்லையே! அந்த இரண்டரை வருஷமும், கொரோனா வந்து கல்யாணமும் திருவிழாவும் நின்ற காலமும் ஒன்றன்மேல் ஒன்று வந்ததில் வீட்டில் இருந்த தவிலை விற்றாராம். நாதஸ்வரத்தை விற்கவில்லை.

அவர் வாசித்துக்கொடுத்த காதுகுத்து, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் ஆயிரத்தைத் தாண்டும். எல்லாவற்றுக்கும் தேதி அச்சடித்த பத்திரிகை உண்டு.

நம்மூரில் பாடினவர்கள் பலரின் பிறந்தநாளை யாரும் குறித்துவைக்கவில்லை. மறைந்த நாளைத்தான் பிடித்துவைத்தார்கள், அதுவும் நட்சத்திரத்தில். மாணிக்கவாசகருக்கு ஆனி மகம். சம்பந்தருக்கு வைகாசி மூலம். தியாகராஜருக்குத் திதி: புஷ்ய பகுள பஞ்சமி. அதனால்தான் திருவையாற்று ஆராதனை ஒரு வருஷம் ஜனவரியில் வரும், இன்னொரு வருஷம் பிப்ரவரியில் வரும். ஆங்கிலத் தேதி ஜனவரி 6 என்பது கணக்குப் போட்டு எடுத்தது. அந்தச் சமாதியையும் 1920-களில் தன் நகை நட்டை எல்லாம் போட்டுக் கட்டி நிறுத்தியது பெங்களூர் நாகரத்தினம்மாள். அவரும் ஒரு பாட்டுக்காரிதான், தேவதாசி குலத்துப் பெண்மணி.

சிதம்பரத்து நடராஜர்மேல் பதம் பதமாகப் பாடிக் குவித்த சீர்காழி முத்துத்தாண்டவருக்குப் பிறந்த தேதி கிடையாது. வருஷமே தகராறு. ஒளியில் கலந்தார் என்ற கதை மட்டும் இருக்கிறது. அதே ஊரில் 1933 ஜனவரி 19-ல் பிறந்த சீர்காழி கோவிந்தராஜனுக்குத் தேதி உண்டு. நடுவில் வந்ததென்ன? ரெக்கார்டு, ரேடியோ, சினிமா. ரசிகர் வந்தால் பிறந்தநாளும் கூடவே வந்துவிடும்.

தேதியைக் கையில் வைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தவரும் ஒருவர் இருக்கிறார். இளையராஜா பிறந்தது 1943 ஜூன் 3. கருணாநிதிக்கும் அதே ஜூன் 3. அன்றைக்கு வாழ்த்து முழுவதும் கலைஞருக்கே போகட்டும் என்று ராஜா தன் பிறந்தநாளை ஜூன் 2-க்கு நகர்த்திக்கொண்டார். கொடுத்துவைத்தவர்!

அமெரிக்காவிலும் இதே குழப்பம் இருந்திருக்கிறது. ஜாஸ் என்றாலே நினைவுக்கு வருகிற லூயி ஆம்ஸ்ட்ராங், தான் 1900 ஜூலை 4-ல் பிறந்ததாகவே சொல்லிவந்தார். அந்த நாட்டு சுதந்திர தினம்! நியூ ஆர்லியன்ஸின் ஏழைக் கறுப்பினக் குடும்பம், அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். யார் தேதி எழுதிவைப்பது? 1971-ல் அவர் இறந்து, பத்துப் பதினைந்து வருஷம் போனபிறகு டாட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு தேவாலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்தார். 1901 ஆகஸ்ட் 4. உலகமே கொண்டாடிய மனிதர், தன் உண்மையான பிறந்தநாள் தெரியாமலே போய்ச் சேர்ந்திருக்கிறார்.

ஆம்ஸ்ட்ராங்குக்கு ஒரு தேவாலயப் பதிவேடு இருந்தது. பெரியவருக்கு ஒரு படமும் ஒரு புயலும்தான் சாட்சி.

டிரைவர் ஹாரன் அடித்தார். அவசரமாக எழுந்தேன். ''மூணாம் நாள்னா, புயல் அன்னிக்கே சேத்து எண்ணணுமா, மறுநாள்லேர்ந்தா?'' என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ''செவ்வாக்கெழம பொறந்தவன், அதான் இவ்ளோ முரடுன்னு ஆத்தா திட்டும். அது மட்டும் ஞாபகம் இருக்கு'' என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 'பராசக்தி' வெளியான தீபாவளி, 1952 அக்டோபர் 17. நாகப்பட்டினத்தை உலுக்கிய புயல் கரையைக் கடந்தது 1952 நவம்பர் 30. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. புயலடித்த நாளையும் சேர்த்து எண்ணினால் மூன்றாம் நாள், டிசம்பர் 2. செவ்வாய்க்கிழமை!

டைரியில் டிசம்பர் 2-ஐத் திருப்பினேன். அங்கே ஏற்கெனவே ஓபரா பாடகி மரியா கல்லாஸ் இருந்தார், 1923. அவர் பெயருக்குக் கீழே பேனாவால் எழுதினேன்: நாதஸ்வரம், சீர்காழிப் பக்கம், 1952.