மெட்ரோ யாருடைய வாசலில் நிற்கும்? கோவை, மதுரைத் திட்டங்கள் எழுப்பாத கேள்விகள்

கோயம்புத்தூர், மதுரை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கைகளை ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்பதும், 2011 கணக்கெடுப்பில் இவ்விரு மாநகராட்சிகளும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை என்பதும் முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டன. அன்றுமுதல் விவாதம் இரண்டே குரல்களில் நடக்கிறது. தமிழ்நாடு வஞ்சிக்கப்பட்டது என்கிறது ஒன்று. திட்ட அறிக்கையே பிழையானது என்கிறது மற்றொன்று. ரயில் போகும் வழியில் பட்டா இல்லாமல் குடியிருப்போரும், நகரத்தைத் துப்புரவு செய்துவிட்டுப் புறநகருக்குத் திரும்புவோரும் இவ்விரு குரல்களிலும் இல்லை. அவர்களின் நிலையிலிருந்து இத்திட்டத்தை ஆராய்வதே நம் நோக்கம்.

மக்கள்தொகைக் காரணத்தை முதலில் பார்த்துவிடலாம். அது நிற்காது. அதே 2011 கணக்கெடுப்பில் ஆக்ரா, பாட்னா, போபால் ஆகிய நகரங்களும் 20 லட்சத்துக்குக் கீழேதான் இருந்தன. அங்கெல்லாம் மெட்ரோ வந்துவிட்டது. கோவையின் மாநகராட்சி எல்லையை மட்டும் எண்ணினால் சுமார் 16 லட்சம். ஒட்டிய ஊர்களைச் சேர்த்த நகர்த்தொகுதியை எண்ணினால் 21 லட்சத்துக்கும் மேல். எந்தக் கோட்டுக்குள் எண்ணுவது என்பது அரசியல் முடிவு.

ஆனால் ஒன்றிய அரசு எழுப்பிய இன்னொரு கேள்வியைத் தமிழ்நாட்டில் பலரும் ஒதுக்கிவிட்டார்கள். சென்னையில் 55 கி.மீ. பாதையில் நாளொன்றுக்குச் சுமார் 4 லட்சம் பேர் பயணிக்கையில், கோவையில் 34 கி.மீ. பாதைக்கு 5.9 லட்சம் பயணிகள் எப்படி வருவார்கள் என்பது அக்கேள்வி. கேட்டவரின் உள்நோக்கத்தை ஐயுறலாம். ஆனால் கேள்வி நியாயமானது. கோவைத் திட்டத்தின் மதிப்பு 10,700 கோடி ரூபாய் அளவில். திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரையிலான மதுரைத் திட்டத்தின் மதிப்பு 11,300 கோடிக்கும் மேல். இத்தகைய திட்டங்களுக்கான பணத்தின் பெரும்பகுதி பன்னாட்டுக் கடன். எதிர்பார்த்த பயணிகள் வராவிட்டால் அக்கடனைப் பொதுக் கருவூலம் சுமக்கும். கருவூலம் சுருங்கும்போது முதலில் வெட்டப்படுவது எது என்பதை விடுதி மாணவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அகற்றலும் குடியமர்த்தலும்

சென்னையின் பறக்கும் ரயில் பக்கிங்காம் கால்வாயின் மேல் கட்டப்பட்டது. 1995இல் முதல் பகுதி திறக்கப்பட்டது. ரயிலுக்காக, ஆற்றுச் சீரமைப்புக்காக, சாலைக்காக என்று ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் சொல்லி நீர்நிலைக் கரைகளில் வாழ்ந்தோர் நகரத்துக்கு வெளியே கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் தலித் மக்களின் பங்கு மிகுதி என்பது அக்குடியிருப்புகளுக்குள் ஒருமுறை சென்றவர்க்கும் தெரியும். குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி என்ற எண்ணத்தோடு தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. பெயர் மாறுவதற்கு நெடுங்காலம் முன்பே, இருந்த இடத்திலேயே வீடு என்ற எண்ணம் கைவிடப்பட்டிருந்தது.

இப்போது சென்னையின் இரண்டாம் கட்ட மெட்ரோ, பழைய மாமல்லபுரம் சாலை வழியாக, இந்த மறுகுடியமர்வுப் பகுதிகளின் அருகே வருகிறது. முதலில் மக்களைத் தொலைவுக்கு அனுப்புகிறோம். இருபது ஆண்டுகள் கழித்து அத்தொலைவு விலையுயர்ந்த நிலமாகிறது. அங்குள்ள வீடுகளுக்கான விற்பனைப் பத்திரம் முழுமையாகக் கைக்கு வராதவர்கள் அடுத்து எங்கே அனுப்பப்படுவார்கள்?

கோவைக்கு வருவோம். உக்கடத்தில் மேம்பாலப் பணிக்காக அகற்றப்பட்டவற்றுள் சி.எம்.சி. காலனி ஒன்று, அது அருந்ததியர் தூய்மைப் பணியாளர்களின் குடியிருப்பு. மேம்பாலம் 2024இல் திறக்கப்பட்டது. குளக்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்டன. மெட்ரோவின் உத்தேசப் பாதைகள் இரண்டு. ஒன்று அவினாசி சாலை வழியாகவும் மற்றொன்று சத்தியமங்கலம் சாலை வழியாகவும் செல்வன. பொள்ளாச்சி சாலைப் பக்கமுள்ள மலுமிச்சம்பட்டிக்கு இரண்டுமே உதவா. கீரணத்தத்தார் சரவணம்பட்டிப் பக்கம் வந்து சேர்ந்தால்தான் ரயிலைக் காண முடியும். மருத்துவமனைகளும் கல்லூரிகளும் மென்பொருள் நிறுவனங்களும் நிறைந்த அவினாசி சாலையிலோ 10 கி.மீ. உயர்மட்டச் சாலை 2025 அக்டோபரில் திறக்கப்பட்டாயிற்று. (தெருக்களின் சாதிப் பெயர்களை நீக்கும் அரசாணை வெளிவந்த அதே நாள்களில் அப்பாலத்துக்கு 'ஜி.டி.நாயுடு' என்று பெயரிட்டதை வரலாறு நினைவில் வைத்திருக்கும்.)

சட்டமும் கைகொடுப்பதில்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. வாடகைதாரரையும், வாழ்வாதாரம் இழக்கும் கூலித் தொழிலாளரையும்கூடப் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்றது. தமிழ்நாடு அரசு 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மூன்று மாநிலச் சட்டங்களுக்கு அதிலிருந்து விலக்குப் பெற்றது. தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் ஒன்று. சென்னை மெட்ரோவுக்கான நிலங்கள் இதன்படியே எடுக்கப்பட்டன. 2019இல் உயர் நீதிமன்றம் விலக்கைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டு அரசு புதுச் சட்டம் இயற்றியது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. விலக்குப் பெற்ற மூன்றனுள் மற்றொன்று, ஆதிதிராவிடர் வீட்டுமனைக்கு நிலம் எடுப்பதற்கான 1978ஆம் ஆண்டுச் சட்டம். நமக்கு நிலம் தருவதற்கும் நம்மை வெளியேற்றுவதற்கும் ஒரே காரணம் சொல்லப்பட்டது: விரைவு.

கட்டணமும் கடைசி மைலும்

2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வுப்படி இதனால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார். வீட்டுவேலைக்கும் துப்புரவுக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் பெண்ணுக்கு இது சில நாள் கூலி. சென்னை மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், உச்சக் கட்டணம் 50 ரூபாய். அங்கு இலவசம் இல்லை.

சிக்கல் கட்டணத்தோடு நிற்பதில்லை. மெட்ரோ வந்த பின், அதே சாலையில் ஓடும் பேருந்துகளை இணைப்புப் பேருந்துகளாக மாற்றியமைப்பது திட்ட வல்லுநர்களின் வழக்கமான பரிந்துரை. காகிதத்தில் அது அழகாகத்தான் இருக்கும். இன்று ஒரே பேருந்தில் கட்டணமின்றிப் போகிறவர் நாளை ஒரு பேருந்து, ஒரு ரயில், மீண்டும் ஒரு பேருந்து என்று மாற வேண்டும். நடுவில் உள்ள ரயிலுக்குப் பணம் கட்ட வேண்டும். தனியார் நகரப் பேருந்துகள் மிகுந்த கோவையில் இலவசப் பயணத்தின் வீச்சு இப்போதே குறைவு. 2017 கொள்கை நிலையத்தைச் சுற்றி 5 கி.மீ. தொலைவுக்கு இணைப்பு வசதி வேண்டும் என்கிறது. அந்த 5 கி.மீ.க்குள் காலனி வருமா என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் தம் சிறுவயதுப் பயணம் ஒன்றை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் பதிவு செய்துள்ளார். 1901இல் சாதாராவிலிருந்து தந்தையைக் காணச் சென்ற சிறுவர்களை ரயில் மசூர் நிலையம் வரை கொண்டுவந்து சேர்த்தது. மகர் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றிச்செல்ல முன்வரவில்லை. இரட்டிப்புக் கூலி தந்து, வண்டியைத் தாமே ஓட்டிச்செல்லும் நிபந்தனைக்கும் உடன்பட வேண்டியிருந்தது. ரயிலில் இடம் கிடைத்த அவர்களை நிலையத்தின் வாசலில் சாதி நிறுத்தியது. காலனிக்குள் வராத பேருந்தைப் பற்றி இன்றும் மனு எழுதிக்கொண்டிருக்கும் தோழர்களுக்கு இது பழங்கதையாகத் தோன்றாது.

வேலைவாய்ப்பு பற்றியும் ஒரு சொல். மெட்ரோ நிறுவனங்களின் நேரடிப் பணியிடங்களில் இடஒதுக்கீடு உண்டு. நிலையத் துப்புரவும் காவலும் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்களின் கையில். அங்கு இடஒதுக்கீடும் இல்லை, பணிப் பாதுகாப்பும் இல்லை. கொச்சி மெட்ரோ 2017இல் திருநங்கையர், திருநம்பியரைப் பணியமர்த்தி நாடெங்கும் பாராட்டுப் பெற்றது. வீடு வாடகைக்குத் தர நகரம் மறுத்ததால் அவர்களுள் பலர் விரைவிலேயே வேலையை விட்டனர்.

இப்போது செய்யக்கூடியது

மெட்ரோவே வேண்டாம் என்பது நம் நிலைப்பாடு அன்று. சாதியும் பெயரும் கேட்காமல் ஏற்றிக்கொள்ளும் வாகனம் நமக்கு வேண்டும். நெரிசலில் இரண்டு மணி நேரம் நிற்பதில் பெருமை ஏதுமில்லை. ஆனால் பேருந்துகளின் எண்ணிக்கையைப் பெருக்காமல், அகற்றப்படுவோர்க்கு அருகிலேயே வீட்டைக் கட்டி முடிக்காமல், இலவசப் பயணத்தை ரயிலுக்கும் நீட்டாமல் கொண்டுவரப்படும் மெட்ரோவை எதிர்க்க வேண்டும் என்கிறோம். அறிக்கை திரும்பி வந்திருப்பதால் இவற்றைச் சேர்க்க வாய்ப்பு உள்ளது. திருத்திய அறிக்கை தமிழில் பொதுவெளியில் வைக்கப்பட்ட பிறகே மீண்டும் அனுப்பப்பட வேண்டும்.

திட்டச் செலவின் எப்பகுதியும் பட்டியல் சாதியினர் துணைத் திட்டக் கணக்கில் எழுதப்படக் கூடாது. இது வீண் அச்சமன்று. டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு அந்நிதியிலிருந்து ஏறத்தாழ 700 கோடி ரூபாய் திருப்பப்பட்டது. 2024இல் தமிழ்நாடு இயற்றிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தைக் காட்டி இதை முன்கூட்டியே கேட்கலாம்.

கடன் கொடுப்போரிடமும் ஒரு பிடி உண்டு. ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி ஆகியவற்றின் பாதுகாப்பு விதிகள், பட்டா இல்லாதவரையும் மறுவாழ்வு உதவிக்கு உரியவராக ஏற்கின்றன. நேரடியாக முறையிடும் அமைப்பும் அவற்றிடம் உண்டு. ஆனால் அறிவிக்கப்படும் ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன் அங்கு வாழ்ந்தவர் என்று காட்டினால்தான் அந்த உரிமை. ஆகவே அவினாசி சாலை, சத்தியமங்கலம் சாலை, உக்கடம், திருமங்கலம், மாட்டுத்தாவணிப் பகுதிகளில் உள்ள மாணவர் அமைப்புகள், கணக்கெடுப்பாளர் வரும்வரை காத்திராமல், பாதையோரக் குடும்பங்களின் பெயர், குடியிருந்த ஆண்டுகள், மின் இணைப்பு, குடும்ப அட்டை, வாடகைச் சீட்டு ஆகியவற்றை இப்போதே பதிவு செய்யத் தொடங்கலாம். சாலையோரக் கடைக்காரர்களை 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி பதிவு செய்விப்பதும் இவ்வேலையோடு சேர்ந்ததே.