வெண்புள்ளி மறைந்தால் நோய் மாறிவிட்டதா? கடல்நீர்த் தொட்டி மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகள்

திருகோணமலைக் கரையோரக் கிராமமொன்றில் நான் சந்தித்த இளைஞரின் வீட்டுப் பின்வளவில் ஒன்பது கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. எட்டு வெறுமையாகக் கிடந்தன. சுழியோடிகள் பிடித்துவரும் அலங்கார மீன்களை வாங்கி, சில நாட்கள் பராமரித்து, கொழும்பு வியாபாரிகளுக்கு அனுப்புவதே அவரது தொழில். இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பம், கடன் எடுத்துத் தொடங்கிய தொழில். மீன்களில் வெள்ளைப் புள்ளிகள் வந்ததாகவும், மருந்து போட்டதும் மூன்று நான்கு நாட்களில் அவை மறைந்ததாகவும், அதன்பின் பத்து நாட்களுக்குள் ஏறத்தாழ எல்லா மீன்களும் இறந்துவிட்டதாகவும் அவர் சொன்னார்.

அவர் போட்டது பிழையான மருந்தல்ல. புள்ளிகள் மறைந்த அன்றே அதை நிறுத்தியதுதான் பிழை.

இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. பரந்த கடலில் ஒரு மீனின் உடலில் சில ஒட்டுண்ணிகள் இருந்தாலும் பெரிய பாதிப்பில்லை. ஐம்பது லீற்றர் தொட்டிக்குள் அவை பெருகும்போது நிலைமை மாறிவிடுகிறது. கடல் மீன்களை வீட்டில் வளர்ப்போருக்கும் அவற்றைக் கொண்டு பிழைப்போருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய தகவல்களே இங்கு தரப்படுகின்றன.

புள்ளி மறைவது ஏன்?

கடல்மீன்களின் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகாரியன் இரிற்றன்ஸ் என்ற ஒருகல உயிரி. இது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே புகுந்து 3 முதல் 7 நாட்கள் உணவுண்டு வளரும். உப்புத்தூள் போலத் தெரியும் புள்ளி அதுதான். வளர்ந்தபின் தானாகவே மீனை விட்டு இறங்கி, தொட்டியின் அடியிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் பலவாகப் பிரிந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளிவந்து, மீண்டும் மீனைத் தேடும்.

ஆகவே மருந்தே போடாவிட்டாலும் புள்ளிகள் ஒருமுறை மறையும். மீனின் உடலில் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து இந்த உயிரியை எட்டாது. நீரில் நீந்தித் திரியும் குறுகிய நேரத்தில் மட்டுமே அதைக் கொல்லலாம். கூடுகள் எல்லாம் ஒரேநாளில் வெடிப்பதுமில்லை. சில 3 நாளில் வெடிக்கும், ஆய்வுகூடத்தில் 72 நாட்கள் வரை சென்றதாகவும் பதிவாகியுள்ளது. சிகிச்சை வாரக்கணக்கில் நீள வேண்டியிருப்பது இதனால்தான்.

முதலில் நீரைப் பாருங்கள்

மீன் வேகமாக மூச்செடுத்தால் உடனே ஒட்டுண்ணி என்று முடிவெடுக்க வேண்டாம். அமோனியா கூடினாலும் ஒட்சிசன் குறைந்தாலும் அதே அறிகுறிதான். எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் தவித்தால் பெரும்பாலும் நீரில்தான் பிரச்சினை. ஒன்று, இரண்டு, பின் ஐந்து எனப் பரவினால் நோயைச் சந்தேகிக்கலாம். அமோனியா, உவர்ப்பு, வெப்பநிலை ஆகியவற்றை அளந்தபின் மீனுக்கு வாருங்கள். அறை விளக்கை அணைத்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தோலில் உள்ளவை தெளிவாகத் தெரியும்.

எந்த ஒட்டுண்ணி?

வெண்புள்ளி நோய்: எண்ணக்கூடிய, தனித்தனியான வெள்ளைப் புள்ளிகள். மீன் கல்லில் உரசும். வியாபாரத்தில் 'பவுடர் புளூ' எனப்படும் நீலநிற மீனுக்கு இது மிக இலகுவில் தொற்றும்.

வெல்வெட் நோய்: அமைலூடினியம் என்ற உயிரியால் வருவது. எண்ணமுடியாத அளவு நுண்ணிய, பொன்மஞ்சள் தூசி படிந்ததுபோலத் தெரியும். பல வேளைகளில் தோலில் எதுவும் தெரியுமுன்பே செவுள் பாதிக்கப்பட்டுவிடும். மீன் உண்ணாது, வெளிச்சத்தைத் தவிர்க்கும், நீரோட்டத்தின் எதிரே நின்று மூச்செடுக்கும். ஓரிரு நாட்களிலேயே தொட்டி முழுவதும் அழியக்கூடும். காத்திருக்க நேரமில்லாத நோய் இது.

புறூக்கினெல்லா: 'நீமோ' எனப்படும் கோமாளி மீன்களில் அதிகம். புள்ளி இராது. உடலில் தடித்த வெள்ளைச் சளி படர்ந்து, தோல் உரிவதுபோல இருக்கும்.

யூரோனீமா: பக்கவாட்டில் சிவந்த புண்கள் தோன்றும். சிறிய குரோமிஸ் மீன்களில் அடிக்கடி காணப்படும். தசைக்குள் இறங்கிவிட்டால் காப்பாற்றுவது கடினம்.

தட்டைப்புழுக்கள்: கண் மங்கும், மீன் தலையை உதறும், உரசும். புழுக்கள் ஒளி ஊடுருவும் உடல் கொண்டவை என்பதால் வெறுங்கண்ணுக்குத் தப்பிவிடும். இவற்றைக் கண்டறிய நன்னீர்க் குளிப்பு உதவும். குளோரின் நீக்கிய நன்னீரை, தொட்டியின் அதே வெப்பநிலைக்கும் பீ.எச். அளவுக்கும் கொண்டுவந்து, காற்றுக்குழாய் போட்டு, மீனை அதில் 3 முதல் 5 நிமிடங்கள் விடுங்கள். புழுக்கள் வெளிறி, எள்ளைப்போல அடியில் உதிரும். மீன் சரிந்து துவண்டால் உடனே கடல்நீருக்கு மாற்றுங்கள்.

நுணுக்குக்காட்டி கிடைத்தால், தோலிலிருந்து மெதுவாகச் சுரண்டிய சளியை ஒரு துளி கடல்நீரில் இட்டுப் பார்ப்பதே மிக உறுதியான வழி.

சிகிச்சைத் தொட்டி

பவளம், இறால், கடற்சாமந்தி உள்ள தொட்டியில் செப்பு மருந்தையோ போர்மலினையோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். அவை இறந்துவிடும். கல்லும் பவள மணலும் செப்பை உறிஞ்சுவதால் மருந்தின் அளவும் நிற்காது. மணல் இல்லாத வெறுந்தொட்டி, மறைந்துகொள்ள சில பீ.வி.சி. குழாய்த் துண்டுகள், காற்றுக்குழாய், பழகிய வடிகட்டி ஆகியவை போதும். மருந்து இருக்கும்வரை வடிகட்டியில் கரி வைக்க வேண்டாம்.

தொட்டியின் நீர் அளவைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 25 நீர் உயரம் என்றால் 45 லீற்றர். மருந்தின் அளவு இதைக்கொண்டே தீர்மானிக்கப்படும்.

நோய்க்கு ஏற்ற சிகிச்சை

செப்பு: வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் ஏற்றது. அயன் வடிவச் செப்பு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, கூடினால் மீன் இறக்கும். ஓரிரு நாட்களில் படிப்படியாக அந்த அளவுக்கு உயர்த்தி, சோதனைப் பொதியால் தினமும் அளந்து, 3 முதல் 4 வாரங்கள் தொடருங்கள். பிணைப்புச் செப்பு மருந்துகளுக்கு அளவு வேறு என்பதால் போத்தலில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

உவர்ப்பைக் குறைத்தல்: மருந்துச் செலவில்லாதது, வெண்புள்ளிக்கு மட்டும் ஏற்றது. 35 அளவில் உள்ள உவர்ப்பை இரண்டு மூன்று நாட்களில் 16க்குக் கீழ் கொண்டுவந்து, 3 முதல் 4 வாரங்கள் வைத்திருக்க வேண்டும். சரியான உவர்ப்புமானி அவசியம். மீண்டும் உயர்த்துவது இன்னும் மெதுவாக நடக்க வேண்டும். வெல்வெட் இதற்கு அடங்காது.

தொட்டி மாற்றல்: இதுவும் வெண்புள்ளிக்கு மட்டுமே. மீனை 3 நாட்களுக்கு ஒருமுறை, புதிய கடல்நீர் நிரப்பிய சுத்தமான தொட்டிக்கு, நான்கு தடவை மாற்றுங்கள். மீனிலிருந்து இறங்கிய ஒட்டுண்ணிகள் பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். பழையதைக் கழுவி முற்றாகக் காயவிட வேண்டும். இரண்டு பிளாஸ்ரிக் தொட்டிகள் இருந்தாலே செய்யலாம்.

போர்மலின்: புறூக்கினெல்லாவுக்கும் யூரோனீமாவுக்கும் உரியது. செப்பு இவற்றைக் கட்டுப்படுத்தாது. 10 லீற்றர் கடல்நீருக்கு 37 வீதப் போர்மலின் 1.5 மில்லிலீற்றர் சேர்த்து, நன்றாகக் காற்றூட்டி, 30 நிமிடக் குளிப்பு. மீன் தவித்தால் முன்னதாகவே எடுங்கள். போர்மலின் மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியது. கையுறையுடன் திறந்த வெளியில் மட்டுமே கையாளுங்கள். சிறுவர்கள் கையில் எட்டாமல் வையுங்கள். போத்தலில் வெள்ளைப் படிவு இருந்தால் பாவிக்கவே கூடாது.

பிராசிகுவான்ரல்: தட்டைப்புழுக்களுக்கு. லீற்றருக்கு 2.5 மில்லிகிராம், 45 லீற்றருக்கு ஏறத்தாழ 112 மில்லிகிராம். முட்டைகளை இது கொல்லாது என்பதால் ஒரு வாரத்தின்பின் மீண்டும் கொடுக்க வேண்டும். நாய்களுக்கான புழு மாத்திரைகள் பலவற்றில் வேறு மருந்துகளும் கலந்திருப்பதால் அவற்றைத் தவிருங்கள்.

மீனில்லாத தொட்டி

மீன் குணமாகித் திரும்பும்போது முதன்மைத் தொட்டியில் கூடுகள் காத்திருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். அந்தத் தொட்டியில் ஒரு மீன்கூட இல்லாமல் ஆகக்குறைந்தது 6 வாரங்கள் விட வேண்டும். அனுபவசாலிகள் பலர் 76 நாட்கள் என்று கணக்கு வைத்திருப்பது மேலே சொன்ன 72 நாள் பதிவால்தான். பவளமும் இறாலும் அங்கேயே இருக்கலாம். ஈரமான வலை, வாளி, கை வழியாகவும் நோய் கடக்கும் என்பதால் தொட்டிக்கு ஒரு வலை வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய மீன் எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் 4 வாரங்கள் தனியே வைத்துப் பார்ப்பது நல்லது. அன்றாட வருமானத்தை நம்பியிருப்பவருக்கு அது இலகுவல்ல. வியாபாரி காத்திருக்க மாட்டார், கடன் தவணையும் காத்திருக்காது. அப்படிப்பட்டவர்கள் குறைந்தபட்சம் புதிதாக வரும் மீனையும் ஏற்கெனவே உள்ள மீனையும் ஒரே நீரில் கலக்காமல் இருக்கலாம். ஒரு தொட்டி போனாலும் மற்றவை மிஞ்சும்.

திருகோணமலை இளைஞர் இப்போது மூன்று தொட்டிகளை மட்டும் மீண்டும் நிரப்பியிருக்கிறார். ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் இரண்டு திகதிகள் எழுதப்பட்டுள்ளன. ஒன்று மருந்து தொடங்கிய நாள், மற்றையது நிறுத்தவேண்டிய நாள். இடையில் புள்ளி மறைந்தாலும் அந்தத் திகதியை மாற்றுவதில்லை என்றார்.