அடங்கிய மச்சமும் அடங்காத மெலனோமாவும்

டிஸ்பிளாஸ்டிக் நீவஸ் எனப்படும் இயல்பு மாறிய மச்சத்தையும் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயையும் அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது ஒற்றுமைதான். இரண்டின் ஓரமும் ஒழுங்கற்றது. இரண்டிலும் பழுப்பும் கருமையும் சிவப்பும் கலந்திருக்கலாம். 1985இல் நியூயார்க் மருத்துவர்கள் வகுத்த சமச்சீரின்மை, ஓரம், நிறம், விட்டம் என்னும் நான்கு அளவுகோல்களிலும் இரண்டுமே சிக்கக்கூடும். தேர்ந்த தோல் மருத்துவரும் பயாப்சி முடிவுக்குக் காத்திருப்பதுண்டு.

வேற்றுமையைக் காட்டுவது காலம். மச்சம் பெரும்பாலும் பருவ வயதையொட்டித் தோன்றி, ஓரளவு வளர்ந்து, பல்லாண்டுகள் அப்படியே நிற்கும். மெலனோமாவோ மாதங்களில் உருமாறும்: பரவும், தடிக்கும், சில வேளை அரிக்கும், இரத்தம் கசியும். 2004இல் ‘மாற்றம்’ ஐந்தாவது அளவுகோலாகச் சேர்ந்தது இதனால்தான்.

தோற்றத்தைக் கடந்து செல்லுக்குள் போனால் உறவு இன்னும் நெருங்குகிறது. மெலனோமாக்கள் பலவற்றில் பிராஃப் என்னும் மரபணு பிறழ்ந்திருப்பது 2002இல் தெரியவந்தது. தீங்கற்ற மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் அதே பிறழ்வு இருப்பது அடுத்த ஆண்டே வெளிப்பட்டது. பெருகு என்ற கட்டளை இரண்டுக்கும் ஒன்றே. மச்சத்தின் செல்கள் சிறிது பெருகி, பி16 புரதம் போன்ற தடைகளால் ஓய்ந்துவிடுகின்றன. மெலனோமாவின் செல்கள் அத்தடைகளைத் தாண்டிவிடுகின்றன. 1978இல் மருத்துவர் வாலஸ் கிளார்க் குழுவினர், இயல்பு மாறிய மச்சங்களும் மெலனோமாவும் சேர்ந்தே வரும் குடும்பங்களை விவரித்தனர். அத்தகைய குடும்பங்கள் சிலவற்றில் பி16ஐ உருவாக்கும் மரபணுவே பழுதாகி, தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது.

அப்படியானால் மச்சம்தான் மெலனோமாவின் விதையா? கணக்கு வேறு சொல்கிறது. நாற்பது வயதுக்குட்பட்டவரின் ஏதேனும் ஒரு மச்சம் ஓராண்டில் மெலனோமாவாகும் வாய்ப்பு ஏறத்தாழ 2 லட்சத்தில் ஒன்று, அல்லது அதனினும் குறைவு. மெலனோமாக்களில் பத்துக்கு ஏழு, முன்பு மச்சமே இல்லாத தோலில் எழுகின்றன. ஆயினும் இயல்பு மாறிய மச்சங்கள் ஐந்து உடையவருக்கு, ஒன்றும் இல்லாதவரைவிட ஆபத்து ஆறு மடங்கு. முரணாகத் தோன்றும் இவ்விரு உண்மைகளும் ஓரிடத்தில் கூடுகின்றன: மச்சம் தன் வருங்காலத்தைச் சொல்வதில்லை, தன்னைத் தாங்கும் தோலின் இயல்பைச் சொல்கிறது. மச்ச பலன் பார்ப்போரும் மச்சத்தை விட்டு ஆளைத்தானே படிக்கிறார்கள்! எனவே எல்லா மச்சங்களையும் வெட்டி எடுப்பதால் ஆபத்து தீராது. முழுத் தோலையும் கவனித்துவர வேண்டும்.

இந்தக் கணக்குகள் பெரும்பாலும் வெளிர்தோல் மக்களிடம் திரட்டியவை. நம் போன்ற கருந்தோலில் மெலனோமா அரிது. வந்தால் வெயில் படாத உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வருவதே மிகுதி. அத்தகைய மெலனோமாவுக்கு மச்ச எண்ணிக்கை அதே அளவுக்கு வழிகாட்டும் என்று கொள்ள முடியாது. காலம் என்னும் அளவுகோல் மட்டும் இங்கும் செல்லுபடியாகும். பல்லாண்டாக மாறாத மச்சத்துக்கு வேண்டியது கண்காணிப்பு. உள்ளங்காலில் பரவும் கரும்புள்ளியும் ஒரே நகத்தில் அகன்றுவரும் கருங்கோடும் தாமதமின்றித் தோல் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியவை. ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும்போதே அகற்றப்பட்டால், மெலனோமா வந்தவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.