மியாவி

மியாவி (பிறப்பு: செப்டம்பர் 14, 1981) ஜப்பானைச் சேர்ந்த கித்தார் கலைஞர், பாடகர், பாடலாசிரியர், நடிகர் ஆவார். இவரது இயற்பெயர் இஷிஹாரா தக்காமாசா. மின்கித்தாரின் தந்திகளை விரல்களால் அடித்தும் சுண்டியும் வாசிக்கும் தனி முறையால் உலகளவில் அறியப்பட்டவர். ராக் இசையுடன் ஃபங்க், ஹிப் ஹாப், மின்னணு நடன இசை, ஜப்பானிய மரபிசை ஆகியவற்றைக் கலந்து இசைத்து வருபவர். ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையம் நவம்பர் 2017 இல் இவரைத் தனது நல்லெண்ணத் தூதராக அறிவித்தது. அப்பொறுப்பைப் பெற்ற முதல் ஜப்பானியர் இவரே.

இளமைக்காலம்

மியாவி ஜப்பானின் ஒசாக்கா நகரில் பிறந்து, அண்டையிலுள்ள ஹியோகோ மாகாணத்தின் கவனிஷி நகரில் வளர்ந்தார். இவரது தாயார் ஜப்பானியர். தந்தையார் ஜப்பானில் குடியேறிய கொரியக் குடும்பத்தின் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தவர். கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அக்காலத்தில் பிழைப்புத் தேடி வந்தோரும் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டோரும் எனப் பெருந்தொகையான கொரியர்கள் ஜப்பானுக்கு வந்தனர். போருக்குப் பின் அங்கேயே தங்கிவிட்டவர்கள் 1952 இல் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் வேலை, திருமணம் முதலியவற்றில் நீண்ட காலம் பாகுபாட்டை எதிர்கொண்டனர். இப்பின்னணி மியாவியின் பிற்கால வாழ்வில் மீண்டும் முன்னிலைக்கு வந்தது.

சிறுவயதில் இவரது விருப்பம் கால்பந்தாட்டமாகவே இருந்தது. புகழ்பெற்ற செரேசோ ஒசாக்கா கழகத்தின் இளையோர் அணியில் விளையாடினார். பதின்ம வயதின் நடுப்பகுதியில் ஏற்பட்ட காயத்தால் அக்கனவு கலைந்தது. அதன் பின்னரே கித்தாரைக் கையிலெடுத்தார்.

பெயர்

ஜப்பானிய எழுத்து முறையில் ஒரே சித்திர எழுத்துக்குப் பல ஒலிப்புகள் இருப்பதுண்டு. தக்காமாசா என்னும் பெயரின் இறுதி எழுத்தை 'மாசா' என்றும் 'மியாபி' என்றும் ஒலிக்கலாம். மியாபி என்பதற்கு நயம், நேர்த்தி என்று பொருள். முதலில் அதையே மேடைப் பெயராகக் கொண்ட இவர், தனிக்கலைஞரானபின் 'மியாவி' என்று மாற்றிக்கொண்டார்.

இசை வாழ்க்கை

தொடக்கம்

1999 இல் தோக்கியோவுக்குச் சென்ற மியாவி, 'டுவே லெ குவார்ட்சு' என்ற இசைக்குழுவில் கித்தார் கலைஞராகச் சேர்ந்தார். இது 'விசுவல் கெய்' எனப்படும் வகையைச் சார்ந்த குழுவாகும். விசுவல் கெய் 1980களில் ஜப்பானில் தோன்றிய ஓர் இசை இயக்கம். அடர்த்தியான ஒப்பனை, வண்ணம் தீட்டி உயர்த்திய முடி, ஆடம்பரமான உடை ஆகியவை இசைக்கு இணையான இடத்தை அதில் பெற்றிருந்தன. 'எக்சு ஜப்பான்' அவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் புகழ்பெற்ற குழு.

டுவே லெ குவார்ட்சு செப்டம்பர் 2002 இல் கலைந்தது. அதே ஆண்டில் மியாவி தமது முதல் தனி இசைத்தொகுப்பான 'ககாக்கு'வை வெளியிட்டார். (ககாக்கு என்பது ஜப்பானிய அரசவை மரபிசையின் பெயர், அதை எழுதும் சித்திர எழுத்துகளுள் முதலாவது மியாபி என்பதே.) 'மியாவிசம்' (2005), 'எம்.ஒய்.வி பாப்சு' (2006) ஆகிய தொகுப்புகள் அடுத்தடுத்து வந்தன.

கபுக்கி ராக்

2007 இல் சில மாதங்கள் ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலசில் தங்கி ஆங்கிலமும் இசையும் பயின்றார். அதே ஆண்டில் யோசிக்கி, காக்குட்டு, சுகிசோ ஆகிய மூத்த கலைஞர்களுடன் 'எசு.கே.ஐ.என்.' என்னும் குழுவிலும் மேடையேறினார்.

இக்காலத்தில் தமது இசைக்கு 'கபுக்கி ராக்' என்று இவர் பெயர் சூட்டினார். கபுக்கி என்பது பதினேழாம் நூற்றாண்டில் உருவான ஜப்பானிய நாடகக்கலை. 'கப்கி பாய்சு' என்ற துணைக்குழுவில் வாயால் தாளவொலி எழுப்புபவர், இசைத்தட்டுக் கலைஞர், காலணியால் தாளமிடும் நடனக்காரர் முதலியோர் இடம்பெற்றனர். 2008 இல் இக்குழுவினருடன் வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய கண்டங்களில் பயணம் செய்தார்.

தனி நிறுவனம்

2009 ஆம் ஆண்டு இவரது வாழ்வில் ஒரு திருப்புமுனையாகும். பத்தாண்டுகளாகத் தம்மை மேலாண்மை செய்துவந்த நிறுவனத்தை விட்டு விலகி, 'ஜே-கிளாம்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பாடகி மெலடியை மணந்ததும் அவ்வாண்டிலேயே. இவர்களுக்கு மகள்கள் உள்ளனர். 2014 இல் குடும்பத்துடன் லாஸ் ஏஞ்சலசுக்குக் குடிபெயர்ந்தார்.

2010 இல் வெளியான 'வாட்ஸ் மை நேம்?' இசைத்தொகுப்பில் பெரிய குழுவைக் கைவிட்டு, போபோ என்னும் தாளக்கலைஞர் ஒருவரை மட்டுமே உடன் வைத்துக்கொண்டார். ஒரு கித்தார், ஒரு தாளக்கருவித் தொகுதி, குரல் ஆகியவற்றோடு உலக மேடைகளில் ஏறினார். ஒப்பனைக்காக முன்பு அறியப்பட்ட இவர், வாசிப்புக்காக அறியப்படத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

வாசிப்பு முறை

மின்கித்தார் கலைஞர் பெரும்பாலோர் 'பிக்' எனப்படும் சிறு தகட்டால் தந்திகளை மீட்டுவர். மியாவி தகட்டைப் பயன்படுத்துவதில்லை. கட்டை விரலால் தந்தியை ஓங்கி அடித்து, பிற விரல்களால் தந்தியை மேல்நோக்கி இழுத்துச் சுண்டுகிறார். அடிக்கும்போது தந்தி கித்தாரின் கழுத்தில் உள்ள உலோகக் கட்டைகளின் மேல் மோதுவதால், சுரத்துடன் தாளவொலியும் சேர்ந்தே பிறக்கிறது. தாளத்தையும் பண்ணையும் ஒரே கருவியில் நிகழ்த்த இது வழி செய்கிறது.

இம்முறைக்கு இரண்டு மூலங்களைக் கூறலாம். முதலாவது, அமெரிக்கக் கலைஞர் லாரி கிரகாம் 1960களில் பேசு கித்தாரில் பரவச்செய்த 'சிலாப்' முறை. இரண்டாவது, ஜப்பானிய மரபிசைக் கருவியான சாமிசென். மூன்று தந்திகள் கொண்ட சாமிசெனை 'பச்சி' என்னும் அகன்ற தகட்டால் வாசிப்பர். தகடு தந்தியையும் அதன் அடியிலுள்ள தோலையும் ஒருசேரத் தாக்குவதால் மத்தளம் போன்ற ஒலி உடன் எழும். இந்த ஒலிப்பண்பை மியாவி மின்கித்தாருக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர் வகைக் கித்தார் இவரது முதன்மைக் கருவியாயிற்று.

கூட்டுப் படைப்புகள்

'சாமுராய் செசன்சு' என்ற தலைப்பில் 2012, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் மூன்று கூட்டு இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். இரு வாள்வீரர்கள் மோதுவதைப் போல, ஒவ்வொரு பாடலிலும் வேறொரு துறைக் கலைஞருடன் எதிரெதிர் நின்று இசைப்பது இதன் அமைப்பு. முதல் தொகுப்பில் ராப் பாடகர் கிரேவா, பியானோ கலைஞர் எச் செட்டு எம் முதலியோர் பங்கேற்றனர். 2015 இல் வெளியான 'தி அதர்சு' தொகுப்பை அமெரிக்க நாட்டுப்புற இசையின் தலைநகரான நாசுவில்லில் உருவாக்கினார். 'ஆர்க்கேன்' (2021) அசைபட தொடரின் இசைத்தொகுப்பில் அமெரிக்காவின் 'பாரிசு' குழுவினருடன் இணைந்து ஒரு பாடலை வழங்கியுள்ளார்.

திரைப்படங்கள்

அன்புரோக்கன்

ஏஞ்சலினா ஜோலி இயக்கிய 'அன்புரோக்கன்' (2014) என்ற ஆங்கிலத் திரைப்படம் மியாவியை உலகத் திரைக்கு அறிமுகப்படுத்தியது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் பங்கேற்ற அமெரிக்கர் லூயி சாம்பரினியின் வாழ்க்கை வரலாறு இது. இரண்டாம் உலகப்போரில் இவர் சென்ற வானூர்தி 1943 இல் பசிபிக் கடலில் வீழ்ந்தது. 47 நாட்கள் கடலில் மிதந்தபின் ஜப்பானியப் படையினரிடம் சிக்கி, போர்க்கைதி முகாம்களில் கொடுமைகளுக்கு உள்ளானார். அங்கு அவரை இடைவிடாது துன்புறுத்திய முத்துசுகிரோ வத்தனாபே என்ற காவலரின் பாத்திரத்தை மியாவி ஏற்றார். வத்தனாபே போர்க்குற்றவாளியாகத் தேடப்பட்டவர். தலைமறைவாக இருந்து தண்டனைக்குத் தப்பியவர்.

நடிப்புப் பயிற்சி இல்லாத ஓர் இசைக்கலைஞருக்கு இது கடினமான பாத்திரம். தம் நாட்டு மக்கள் மறக்க விரும்பும் காலத்தைக் காட்டும் பாத்திரமும்கூட. மியாவி முதலில் தயங்கினார். இரு நாடுகளுக்கும் இடையே பாலமாக அமையும் படமொன்றை எடுக்கவே விரும்புவதாக ஜோலி கூறியதை அடுத்து ஒப்புக்கொண்டார். கைதியை அடிக்கும் காட்சியொன்றை நடித்தபின் தாம் வாந்தியெடுத்ததாக அவர் கூறியுள்ளார்.

ஜப்பானில் தேசியவாதக் குழுக்கள் இப்படத்தைக் கடுமையாக எதிர்த்தன. படத்துக்கு மூலமான லாரா ஹில்லென்பிராண்டின் நூலில் (2010), கைதிகள் சிலர் கொன்று தின்னப்பட்டதாக வரும் குறிப்பே எதிர்ப்பின் மையமாக இருந்தது. திரைப்படத்தில் அவ்வாறான காட்சி எதுவும் இல்லை. மியாவியின் கொரிய வம்சாவளியைச் சுட்டிக்காட்டும் வசைகளும் இணையத்தில் எழுந்தன. படம் ஓராண்டுக்கு மேல் தாமதமாகி, பிப்ரவரி 2016 இல் சிறிய அளவிலேயே ஜப்பானில் திரையிடப்பட்டது.

பிற படங்கள்

'காங்: ஸ்கல் ஐலண்ட்' (2017) படத்தில் குன்பெய் இகாரி என்னும் ஜப்பானியப் போர் விமானியாக நடித்தார். தீவொன்றில் விழும் இவரும் அமெரிக்க விமானி ஒருவரும் ஒருவரையொருவர் கொல்ல முயன்று, பின்னர் உடன்பிறவாச் சகோதரர்களாகின்றனர். 'பிளீச்' (2018), 'மலெஃபிசென்ட்: மிஸ்ட்ரெஸ் ஆஃப் ஈவில்' (2019), 'ஹெல் டாக்சு' (2022) ஆகியவை இவர் நடித்த பிற படங்கள்.

மனிதநேயப் பணிகள்

ஏஞ்சலினா ஜோலி 2001 முதல் 2022 வரை ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நல்லெண்ணத் தூதராகவும் பின்னர் சிறப்புத் தூதராகவும் பணியாற்றியவர். அன்புரோக்கன் படத்தின் வழியாக ஏற்பட்ட அவரது நட்பே மியாவியை அகதிகள் பணிக்கு இட்டுச்சென்றது. 2015 இல் லெபனானில் உள்ள சிரிய அகதிகளின் முகாமுக்கு முதன்முறையாகச் சென்றார். சிரிய உள்நாட்டுப் போருக்குத் தப்பிய பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்போது அச்சிறிய நாட்டில் பதிவுபெற்றிருந்தனர். லெபனானில் வாழ்ந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அகதி என்னும் நிலை இருந்தது.

உணவோ மருந்தோ கொண்டுவராத ஓர் இசைக்கலைஞரால் அங்கு என்ன செய்ய இயலும் என்ற ஐயம் தமக்கு இருந்ததாகவும், கித்தாரை வாசித்தவுடன் சிறுவர்களின் கண்களில் தோன்றிய ஒளி அந்த ஐயத்தை மாற்றியதாகவும் மியாவி பேட்டிகளில் கூறியுள்ளார். அதன்பின் முகாம்களுக்குக் கித்தாருடன் செல்வதும், சிறுவர்களைத் தந்திகளைத் தொட்டு ஒலியெழுப்பச் செய்வதும், அவர்களுடன் கால்பந்து ஆடுவதும் இவரது வழக்கமாயின.

இவர் சென்று பார்வையிட்ட நாடுகளுள் சில:

- லெபனான்: சிரிய அகதிகள்.
- தாய்லாந்து: மியான்மரின் இனமோதல்களால் 1980கள் முதல் எல்லையோர முகாம்களில் வாழ்வோர். முகாமிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறையும் இவர்களுள் அடங்கும்.
- வங்காளதேசம்: ஆகத்து 2017 முதல் மியான்மரிலிருந்து வெளியேறிய ரோகிங்கியா மக்கள். சில மாதங்களில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்தனர்.
- கென்யா: 1992 இல் தொடங்கப்பட்ட காக்குமா முகாம் அமைந்துள்ள நாடு.
- கொலம்பியா: வெனிசுவேலாவிலிருந்து வெளியேறியோர்.
- மல்தோவா: பிப்ரவரி 2022 இல் உருசியாவின் படையெடுப்புக்குப் பின் உக்ரைனிலிருந்து வந்தோர்.

நல்லெண்ணத் தூதர்களுக்குச் சட்ட அதிகாரமோ நிதி ஒதுக்கும் உரிமையோ கிடையாது. தாம் நேரில் கண்டவற்றைத் தம்மை அறிந்த மக்களிடம் எடுத்துச்சொல்வதே அவர்களது பணி. மியாவி இப்பணியில் முதன்மையாக விளிப்பது ஜப்பானிய இளைஞர்களையே.

ஜப்பானும் அகதிகளும்

மியாவியின் பணியை விளங்கிக்கொள்ள ஜப்பானின் நிலையையும் அறிதல் வேண்டும். இவர் பிறந்த 1981 ஆம் ஆண்டில்தான் ஜப்பான் 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இணைந்தது. வியட்நாம், லாவோசு, கம்போடியா ஆகிய நாடுகளிலிருந்து 11,000 க்கும் மேற்பட்டோரை 1978 முதல் 2005 வரை ஏற்றுக்கொண்டது. ஜப்பானியரான சடாக்கோ ஒகாட்டா 1991 முதல் 2000 வரை அகதிகளுக்கான உயர் ஆணையராக இருந்தார். அந்த ஆணையத்துக்குப் பெருமளவில் நிதி வழங்கும் நாடுகளுள் ஜப்பானும் ஒன்று.

ஆயினும் தன் மண்ணில் புகலிடம் கோருவோருக்கு ஜப்பான் அகதித் தகுதி வழங்குவது மிகக் குறைவு. மியாவி தூதராக அறிவிக்கப்பட்ட 2017 இல் 19,000 க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 20 பேருக்கே அத்தகுதி கிடைத்தது. 2023 இல் இவ்வெண்ணிக்கை 303 ஆக உயர்ந்தது. அதுவரையில் ஓராண்டில் வழங்கப்பட்ட மிகக்கூடிய எண்ணிக்கை அதுவே. எனவே தொலைநாட்டு முகாம்களைப் பற்றி மியாவி ஜப்பானியரிடம் பேசும்போது, அயலாரை ஏற்பது குறித்து அந்நாட்டில் நிலவும் தயக்கத்தையும் அது தொடுகிறது. ஜப்பானியத் தாய்க்கும் கொரிய வம்சாவளித் தந்தைக்கும் பிறந்த ஒருவர் அதைப் பேசுவது குறிப்பிடத்தக்கது.

முக்கிய இசைத்தொகுப்புகள்

- ககாக்கு (2002)
- மியாவிசம் (2005)
- எம்.ஒய்.வி பாப்சு (2006)
- திஸ் இஸ் த ஜப்பனீஸ் கபுக்கி ராக் (2008)
- வாட்ஸ் மை நேம்? (2010)
- சாமுராய் செசன்சு, தொகுதி 1 (2012)
- மியாவி (2013)
- தி அதர்சு (2015)
- ஃபயர் பேர்ட் (2016)
- சாமுராய் செசன்சு, தொகுதி 2 (2017)
- சாமுராய் செசன்சு, தொகுதி 3 (2018)
- நோ ஸ்லீப் டில் தோக்கியோ (2019)
- ஹோலி நைட்சு (2020)
- இமேஜினரி (2021)