நீரில் தனியர் எவரும் இல்லை

பாண்டுப்பில் வாழும் தமிழர்க்கு நீர் அயலான பொருள் அன்று. 1860-ஆம் ஆண்டில் பணி நிறைவுற்று, பம்பாய் நகருக்குக் குழாய்வழி நீர் தந்த விகார் ஏரி அருகிலேயே கிடக்கிறது. மாநகரம் பருகும் நீரின் பெரும்பகுதி இன்றும் பாண்டுப்பிலுள்ள மாநகராட்சி நிலையத்தில் தூய்மை பெற்ற பின்னரே குழாய்களை அடைகிறது. ஆயினும் நீரருகே வாழ்வது வேறு. நீந்த அறிவது வேறு. ஊர்க் கிணற்றிலும் ஆற்றுத் துறையிலும் மாமன்மார் கைப்பிடித்து நீந்தப் பழகிய தலைமுறையின் மக்கள், இன்று அடுக்கு வீடுகளில் வளர்கின்றனர். அவர்களுள் ஒருவன் நீச்சல் அணியில் சேர விரும்பினால், "நீந்தத் தெரிந்தால் போதாதா? விடியுமுன் எழுந்து அணியோடு உழல்வானேன்?" என்று பெற்றோர் வினவுவது இயல்பே. அவ்வினாவுக்கு நம் நாட்டு நீச்சல் வரலாறு தரும் விடையைக் காண்போம்.

1951-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. அதில் 100 மீட்டர் தூரத்தை 1 நிமிடம் 4.7 விநாடியில் நீந்தித் தங்கம் வென்றார் சச்சின் நாக். காசியில் பிறந்து கல்கத்தாவில் பயின்றவர் அவர். 1947-இல் துப்பாக்கிக் குண்டு காலில் பாய்ந்து மருத்துவமனையில் கிடந்தும், மறு ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய நீர்ப்பந்து அணியில் இறங்கி ஆடிய திண்ணியர். ஆசிய விளையாட்டு நீச்சல் பந்தயங்களில் இந்தியா இன்றுவரை பெற்றுள்ள தங்கம் அவர் வென்ற அந்த ஒன்றே.

தில்லியில் அவர் வேறு இரு பதக்கங்களும் பெற்றார். அவை தொடர் நீச்சலில் அணியாகப் பெற்ற வெண்கலங்கள். நால்வர் தொடரில் அவரோடு நீந்தியவர்களுள் பம்பாயின் ஐசக் மன்சூரும் ஒருவர். தொடர் நீச்சலின் விதி கடுமையானது. முன்னவர் கை சுவரைத் தொடுமுன் பின்னவர் கால் மேடையை விட்டு அகலுமாயின், நால்வரின் உழைப்பும் வீணாகும். அணி முழுவதும் போட்டியிலிருந்து நீக்கப்படும். தன் பதற்றம் பிறர் உழைப்பைக் கெடுக்கும் என்பதை ஓர் இளைஞனுக்கு இதைவிடத் தெளிவாக உணர்த்தும் பாடம் வேறு எது? நூல்வழிப் படித்தால் மறக்கலாம். உடல்வழிப் பயின்றது மறவாது.

அணியில் போட்டியும் நட்பும் ஒருங்கே வாழும் என்பதற்கு இரு சிறுமியரின் வரலாறு சான்று. டாலி நசீர் நிறுவியிருந்த அகில இந்தியச் சாதனையை, 1951-இல் கல்கத்தாவின் ஆரத்தி சாகா முறியடித்தார். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு இருவரும் ஒரே இந்திய அணியினராகச் சென்றனர். அப்போது ஆரத்திக்கு அகவை 11. விஞ்ச வேண்டிய ஒருவர் அருகிலிருந்தமையாலன்றோ அவர் விரைந்தார்? அச்சிறுமியின் திறனைக் கண்டறிந்து ஊக்கியவரும் சச்சின் நாக் என்பது நினைவிற்குரியது. மூத்தவர் இளையவரைக் கைதூக்கிவிடும் மரபும் அணி தரும் செல்வமே.

இங்கிலீஷ் கால்வாயைக் கடப்பது தனியொருவர் வீரம் எனத் தோன்றும். ஆனால் ஆரத்தி 1959 ஆகஸ்டில் முயன்றபோது வழித்துணைப் படகு காலந்தாழ்ந்து வந்தது. பின்னர் நீரோட்டமும் எதிர்த்தது. மறுகரை எட்டாமலே அவர் திரும்ப நேர்ந்தது. ஒரு படகின் தாமதமும் நீந்துபவரின் விதியை மாற்ற வல்லது. அவர் சோர்வுறவில்லை. செப்டம்பர் 29-இல் மீண்டும் இறங்கி, அக்கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி என்ற புகழ் பெற்றார்.

நம் தமிழ்க் கடலும் இதனையே கூறும். 1954-இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார் நவரத்தினசாமி. 1966-இல் அதனைக் கடந்த மிகிர் சென்னுடன் இந்தியக் கடற்படைக் கலங்கள் துணை சென்றன. 1994-இல் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன், பயிற்சியாளர் இளங்கோவன் வழிகாட்ட, ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளையும் கால்வாய்களையும் நீந்தி, மிகிர் சென்னின் ஐந்தை விஞ்சினான். ஆனால் போதிய பொருளாதரவு இன்மையால் இளமையிலேயே போட்டி நீச்சலை விட நேர்ந்தது. திறன் தனிமனிதனுக்கு உரியதாயினும், அது நிலைப்பதற்குத் தாங்கும் கைகள் பல வேண்டும் என்பதை அவ்வரலாறு வருத்தத்தோடு உணர்த்துகிறது.

ஆகவே, நம் பிள்ளைகள் அணியிலே பெறுவன யாவை? காலந்தவறாமை, தோல்வியைப் பகிர்ந்து கொள்ளும் மனம், தனக்கு முன் செல்பவனைப் பகையாக எண்ணாத பண்பு. மும்பைவாழ் தமிழர்க்கு மற்றுமொரு பயனும் உண்டு. குளத்திலே மராத்தியும் குஜராத்தியும் தமிழும் பேசும் சிறார் ஒரே வரிசையில் நிற்பர். தாய்மொழியை வீட்டிலே காத்துக்கொண்டு, அயலார் மொழியை நட்பின் வழியே பயில அதுவே நல்ல பள்ளி.

எல்லாவற்றுக்கும் மேலாக, அணியில் பயின்ற சிறுவன் தனியே நீரில் இறங்கான். மழைக்காலத்தில் காவலற்ற ஏரிகளும் பாறைக் குட்டைகளும் சிறுவர் உயிரை ஆண்டுதோறும் வாங்குகின்றன என்பதை எவரும் அறிவர். பயிற்சியாளர் கண்காணிக்க, தோழர் சூழ நீந்துவதே காப்பு. அண்டையிலுள்ள முலுண்டிலும், தாதர், செம்பூர் பகுதிகளிலும் மாநகராட்சி நீச்சல்குளங்களை அமைத்திருக்கிறது. பதக்கம் பெறுவோர் சிலரே ஆகலாம். தம் கை சுவரைத் தொடும் நொடிக்காக ஒரு தோழன் காத்து நிற்கிறான் என்ற உணர்வைப் பெறுவோர் அனைவரும் ஆகலாம். அவ்வுணர்வு, குளத்தை விட்டு வெளியேறிய பின்னரும் வாழ்நாள் முழுதும் துணைவரும்.